அவுட்டானவளின் அப்பா

"காலமை நூறு மீற்றரில மெடல். இப்ப பேஸ்போலில என்ர மகள் வெளுத்து வாங்கிறதைப் பார்!"

குகதாசனுக்கு வாய் ஓயவில்லை. லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து மச்சான் பாலேந்திராவையும் பார்க்குக்கு இழுத்து வந்திருந்தார். மகள் யசோதினியின் ஆட்டத்தைப் பார்க்க இங்கிலாந்து அணிக்கு ஆள் தெரிவு செய்பவர்களே வந்திருந்தார்கள். சும்மாவா?

கடைசிச் சுற்று. இரு பக்கமும் சமம். இன்னும் ஒரு ஓட்டம் எடுத்தால் கிண்ணம் மகளின் அணிக்கு. மூன்றாவது பேஸில், ஓட்டம் முடிய ஒரே ஒரு தளம் மிச்சமாக, ஒரு பிள்ளை ஓடத் தயாராக நிற்க, யசோதினி மட்டையோடு வந்தாள்.

அடித்தாள்! பந்து வானத்துக்கு ஏறியது. குகதாசன் கதிரையை விட்டுத் துள்ளினார்.

எல்லையோரம் நின்றவள் அதை லபக்கென்று பிடித்துவிட்டாள்.

"கட்ச்! அவுட்!" பாலேந்திரா சிரித்தான். "அத்தான், அவ்வளவுதானோ?"

கிரிக்கெட்டிலேயே ஊறிய குகதாசனுக்கு மானம் போய்விட்டது. தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டார்.

ஆனால் மைதானம் அதிர்ந்தது. மூன்றாவது பேஸில் நின்ற பிள்ளை ஓடி வந்து சேர்ந்து, வெற்றி ஓட்டத்தை எடுத்திருந்தாள். எல்லோரும் அவளைத் தூக்கி வைத்து ஆடினார்கள்.

"பிடிச்ச பந்துக்கு என்னத்துக்கு ஓட்டம்?" என்று குகதாசன் எரிந்து விழுந்தார்.

அந்தப் பக்கம் மூன்றாவது பேஸுக்கு அருகே வேலியோரம் நின்ற பெண்ணொருத்தி, தமிழ் முகங்களைக் கண்டதும் ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணை, நான் றஜீனா. ஓடி வந்தது என்ர மகள் மரினா. பந்தை அடிச்சது ஆற்ற பிள்ளை?"

"தெரியாது" என்றார் குகதாசன். பாலேந்திரா வாயைப் பிளந்தான்.

"இது கிரிக்கெட் இல்லை அண்ணை, பந்தைப் பிடிச்ச பிறகும் பேஸில நிக்கிற மற்றவை ஓடி ஓட்டம் எடுக்கலாம். நிலத்தோட அடிச்சிருந்தா அந்தப் பிள்ளை தன்ர வேகத்துக்கு முதல் பேஸுக்கு ஓடித் தப்பியிருப்பாள். மரினாவைத்தான் அவுட்டாக்கியிருப்பினம். 'உயர அடிக்கிறன், நீ ஓடு' எண்டு தமிழில கத்திப்போட்டு அடிச்சவள். மற்றப் பக்கத்துக்கு ஒண்டும் விளங்கேல்ல! தெரிவு செய்யிறவை பாத்துக்கொண்டிருக்க, தான் அவுட்டாகி அணியை வெல்ல வைச்சாள். பெத்ததுகள் குடுத்து வைச்சதுகள்!"

குகதாசன் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதிரைமேல் ஏறி நின்றார்.

"தங்கச்சி! அந்தா, அவுட்டாகி நிக்கிறது என்ர பிள்ளை!"