குளிரறையில் வளர்ந்த படிகம்

"புடவை எடுக்கவா வந்தே கஃபார்? இல்ல, என் பொண்ணுக்காகப் பரிஞ்சு பேச வந்தியா?"

தியாகராய நகர்த் துணிக்கடையின் மாடியில், விரித்திருந்த பட்டுப்புடவையை மடித்தபடியே கேட்டார் வெள்ளைச்சாமி. ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒன்றாகப் படித்த இருவரும் நேரில் சந்தித்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்துல் கஃபார் இப்போது அதே துறையில் பேராசிரியர்.

"மணிமொழிக்கு எங்க துறையில சீட் கிடைச்சிருக்கு மச்சி. நாளைக்குக் கடைசி நாள். நீ வேணாம்னுட்டியாமே?"

"கட்டமைப்பு உயிரியல் படிச்சா என்னடா வேலை கிடைக்கும்? புரதம் எப்படி மடியுதுன்னு நானுந்தான் படிச்சேன். இப்பப் புடவை மடிக்கிறேன்."

கஃபாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் காலம் மலையேறிப் போச்சு. இப்பல்லாம் மருந்து கம்பெனிக்காரங்களே எங்க பசங்களைத் தேடி வர்றாங்க."

"நம்மளைத் தேடி வந்தது வாட்ச்மேன் ஒருத்தர்தான். ரூமைப் பூட்டணும், கிளம்புங்கன்னு."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, அவர்கள் மட்டும் குளிரறைக்குள் ஒரே ஸ்வெட்டரை முறைவைத்துப் போட்டுக்கொண்டு, தட்டுகளில் இட்ட புரதத் துளி படிகமாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. படிகம் கிடைத்தால்தான் புரதத்தின் வடிவம் தெரியும்; வடிவம் தெரிந்தால்தான் பட்டம். ஏதோ குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வருவதுபோல ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டு வருவார்கள்.

கஃபாரின் சிரிப்புதான் முதலில் நின்றது.

"நீ வேணாம்னு சொல்றது வேலைக்காக இல்லடா. என் மேல உள்ள கோபத்துல. அதுவும் நியாயமான கோபம்தான்."

"என்ன உளர்றே?"

"சொல்லிடறேன். பதினாலு மாசம் காத்திருந்து உன் தட்டுல ஒரு படிகம் வந்துச்சே, அது வெறும் உப்புன்னு சொன்னேன் இல்ல? உப்பு இல்லடா. அசல் புரதம். எனக்கு முந்தி உனக்கு வந்துடுச்சேன்னு பொறாமையில நான்தான் ஊசியால குத்திப் பொடியாக்கினேன். மறு வாரமே நீ படிப்பை விட்டுட்டுப் போயிட்டே. என்னை என்ன வேணும்னாலும் திட்டு. அந்தப் பொண்ணைத் தண்டிக்காதே."

வெள்ளைச்சாமியின் கைகள் புடவை மீதே நின்றுவிட்டன.

"பொறாமையிலயா குத்தினே? அப்ப... உனக்கு வேற எதுவுமே தெரியாதா?"

"வேற இன்னா தெரியணும்?"

வெள்ளைச்சாமி பாதி மடித்த புடவையை ஓரமாக வைத்தார். பிறகு, நண்பரின் முகத்தைப் பாராமலே மெல்லச் சொன்னார்.

"நீ குத்தினது பொடியைப் பார்த்ததுமே புரிஞ்சுது. எல்லாம் தெரிஞ்சுதான் குத்தினே, தெரிஞ்சும் நீ என்னைக் காட்டிக் கொடுக்கலைன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். என் பொண்ணு உன்கிட்ட படிச்சா அவளுக்கும் தெரிஞ்சிடுமோன்னு பயந்துதான் வேணாம்னேன்."

"இன்னாடா தெரிஞ்சிடும்?"

"கேட்டுட்டு, அவளுக்கு இடம் கொடுக்கலாமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு. அன்னிக்கு நீ குத்திப் பொடியாக்கினது உன்னோட படிகத்தைத்தான் கஃபார். அதை என்னோடதுன்னு காட்டிப் பட்டம் வாங்கிடலாம்னு, முந்தின நாளே ரெண்டு தட்டுலயும் பேர்ச்சீட்டை மாத்தி ஒட்டினவன் நான்."