லூர்துக்குப் போய்வந்த கடிதம்

பிரான்சிலிருந்து திரும்பி வந்த மூன்றாம் நாள், வெரோனிக்கா அந்தக் கடிதத்தை நான்காவது தடவையாக ஒளித்தாள். அரிசி வாளி, மெத்தையின் அடி, மாதா சுரூபத்தின் பின்புறம், ஒன்றும் சரிவரவில்லை. இப்போது பிறீசருக்குள், உறைந்த சூரை மீனுக்குக் கீழே செருகினாள்.

"என்னப்பா, மீனுக்கும் கடிதம் வரத் தொடங்கிட்டுதோ?"

குசினி வாசலில் கணவன் யாகோப்பு நின்றார். இனி மறைத்துப் பயனில்லை.

"கீழ்வீட்டுக் குணேஸ்வரி தந்தவ. லூர்திலை மாதாவின்ரை விண்ணப்பப் பெட்டிக்குள்ளை போடச் சொல்லி. நான்... மறந்துபோனன்."

யாகோப்பு கதிரையில் தொப்பென்று இருந்தார்.

மறக்கிற ஆளா வெரோனிக்கா? ஜேர்மனியில் அவர்கள் இருக்கும் ஹம் நகரத்துத் தமிழர் அத்தனை பேருக்கும் கலன் கலனாகத் தீர்த்தம் பிடித்தாள். பாரத்தில் காரின் பின்பக்கம் பாதிப் பிரான்சை உழுதுகொண்டு வந்தது. பாரிசில் தமக்கையின் பிள்ளைகள் ஏழு பேருக்கும் சட்டை அளவு பிசகாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். இந்த ஒரு கடிதம் மட்டும் கைப்பையின் அடியில் கிடந்து, மூன்று வாரம் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தது.

குணேஸ்வரி சைவ சமயம். என்றாலும் லூர்து மாதாவில் நல்ல நம்பிக்கை. தானே போகலாமென்றால், கணவர் இராசலிங்கத்தின் அகதி விண்ணப்பம் எண்பத்தொன்பதிலிருந்து ஏழு வருடமாக இழுபடுகிறது. எல்லை தாண்ட அனுமதியில்லை. வருகிற வியாழக்கிழமை கடைசி விசாரணை. தோற்றால் குடும்பத்தோடு கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். ஒட்டிய உறைக்குள் வேறு என்ன இருக்கப்போகிறது?

"வியாழனுக்கு முதல் ஒருக்கா லூர்துக்குப் போட்டு வருவமே?"

"ஆயிரத்து முந்நூறு கிலோமீற்றர்! நாளைக்கு எனக்கு வேலை. தபாலிலை போடும். மாதாவுக்கு அங்கை அட்ரஸ் இருக்குத்தானே."

"முசுப்பாத்தி விடாதேங்கோ. அந்தப் பிள்ளையின்ரை முகத்திலை முழிக்க ஏலாமக் கிடக்கு."

குணேஸ்வரியோ, இவர்கள் வந்து இறங்கிய நிமிடத்திலிருந்து படியேறி வந்தபடியே இருந்தாள். முதல் நாள் கோழிச் சூப். அடுத்த நாள் இடியப்பம். "அக்கா, சுகமா இருக்கிறியள்தானே? அண்ணைக்கு நெஞ்சுநோ ஒண்டும் இல்லையே? காருக்கு பிறேக் சரியாப் பிடிக்குதோ?"

முன்பெல்லாம் வெரோனிக்கா உரலில் மிளகாய் இடித்தால் பக்கத்து நகரத்தில் சன்னல்கள் ஆடும். கீழேயிருந்து, கூட்டுகிற தும்புத்தடியால் ஒரு தட்டு வரும். இப்போது தட்டும் இல்லை. கடிதம் கொண்டுபோனதற்கு இவ்வளவு நன்றியா என்று நினைக்க, இடியப்பம் முட்கம்பியாகத் தொண்டையில் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்பியவள், முதியோர் இல்லத்துச் சமையலறையில் சூப்புக்கு உப்பென்று சீனியைக் கொட்டினாள். கிழவிகள் இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தார்கள். அங்கிருந்து நேரே கோவிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினாள். அவள் ஏற்றிய ஏற்றில், கண்ணாடிச் சன்னலில் நின்ற புனிதர்களுக்கே வேர்த்தது.

நெஞ்சு ஆறவில்லை. புதன்கிழமை பின்னேரம் படியில் காலடி கேட்டதும், ரீவியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். வீட்டில் ஆளில்லை என்று நினைத்துத் திரும்பிப் போகட்டும்.

கதவு படபடவென்று அதிர்ந்தது. "அக்கா! அக்கா! என்ன, ஒரு சத்தத்தையும் காணேல்லை? உயிரோடை இருக்கிறியளோ?"

வெரோனிக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பிறீசரிலிருந்து உறையை இழுத்தெடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். பனியும் மீன்வாடையுமாக அதைக் குணேஸ்வரியின் கையில் வைத்தாள்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளும் குணேஸ். நான் இதைப் போடேல்லை. நாளைக்கு உம்மடை மனுசனுக்கு ஏதும் நடந்தால், அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்."

குணேஸ்வரி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டுக் கலையவில்லை.

"மெய்யாவே போடேல்லையோ?"

"மாதாவாணை."

அடுத்த கணம் கடிதம் நூறு துண்டாகக் கிழிந்து படியெல்லாம் பறந்தது. குணேஸ்வரி வெரோனிக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "நீங்கள் கார் ஏறின நாளிலையிருந்து நான் ஒரு கண் நித்திரை கொள்ளேல்லை அக்கா!"

வெரோனிக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப... அவற்ரை கேஸ்?"

"அதை எங்கடை காமாட்சி அம்மனிட்டை எப்பவோ ஒப்படைச்சிட்டன். இது வேறை விசயம்."

"வேறை என்ன?"

குணேஸ்வரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

"மேல்வீட்டுச் சத்தம் ஒரேயடியா நிக்கவேணும் எண்டு எழுதினனான்."