போறது மட்டும் நிக்கணும்

“எங்க வீட்டு நெட்டைக் கொஞ்சம் கெடுத்துக் குடுங்க தம்பி.”

பொறியாளர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் காதில் வைத்தார்.

“என்னம்மா சொன்னீங்க? கெட்டுப்போச்சா?”

“கெட்டுப்போகலையே, அதான் பிரச்சினை. போன வாரம் நீங்க என்னமோ சரி பண்ணிட்டீங்களாம். அதைப் பழையபடி ஆக்கிடுங்க. நாள் பூரா வேண்டாம். சாயங்காலம் ஆறுலேருந்து ஆறே கால் வரைக்கும் கெட்டாப் போதும்.”

கேபிள் இன்டர்நெட் கம்பெனியில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவர் அவர். வரவில்லை, இழுக்கிறது, சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று வகைவகையாகத் திட்டு வாங்கியிருக்கிறார். நன்றாக வருகிறது என்று ஒருவர் புகார் செய்து கேட்டதில்லை.

ஆபீசில் அவருக்கு ‘டிராபிக் போலீஸ்’ என்று பெயர். ஒரு தெரு முழுக்க ஒரே கேபிள்தான். சாயங்காலமானால் அத்தனை வீடும் ஒன்றாக அதன் மேல் விழும். யாருடையது முன்னால் போகலாம், யாருடையது காத்திருக்கலாம் என்று வரிசைப்படுத்தி விடுவது அவர் வேலை. முகம் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு முதலிடம். சினிமா இறக்குகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

அந்த வீட்டை வரிசையின் உச்சியில் ஏற்றி வைத்ததும் அவரேதான். வெளிநாட்டில் இருக்கும் அந்த அம்மாவின் மகள், போன வாரம் அழாத குறையாகக் கெஞ்சியிருந்தாள்.

“எனக்கு இது எட்டாம் மாசம் சார். படுக்கையை விட்டு எறங்கக் கூடாது, எதுக்கும் பதறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். தினம் ஒருதரம் அம்மா அப்பாவைப் பாக்கறதுதான் எனக்கு ஒரே ஆறுதல். அதுவும் ரெண்டு மாசமா படம் உறைஞ்சு உறைஞ்சு நிக்குது. கனெக்‌ஷன் என் பேர்லதான் இருக்கு, எப்படியாவது பாத்துப் பண்ணுங்க.”

மகள் நல்லதாக்கு என்கிறாள், தாய் கெடுத்துக் கொடு என்கிறாள். இரண்டும் ஒரே வீட்டுக்கு. யோசித்து யோசித்துத் தலை சுற்றியதுதான் மிச்சம். மாலை ஐந்தரைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே போய்விட்டார்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வாசல் பக்கம், செருப்பு அலமாரியின் மேல் மோடம் பச்சை விளக்குகளோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அளந்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

“பேச்சு நல்லாக் கேக்கணும் தம்பி. படம் மட்டும் நிக்கணும்.”

குறித்துக்கொண்டார்.

“ஆனா அவ எங்களுக்குத் தெளிவாத் தெரியணும். அவளுக்குத்தான் நாங்க தெளிவாத் தெரியக் கூடாது.”

பேனா நின்றது.

“அதாவது, வர்றது ஓடணும், போறது மட்டும் நிக்கணும்?”

“அதேதான்! படிச்சவங்க படிச்சவங்கதான்.”

செய்ய முடியாத காரியமில்லை. வருகிற வழி வேறு, போகிற வழி வேறு. ஒன்றை மட்டும் நெருக்கலாம். ஆனால் எதற்கு?

“பொண்ணோட ஏதாவது மனஸ்தாபமாம்மா?”

“ஐயையோ, அவ எங்க உசுரு.”

“வீடு அலங்கோலமா இருக்குன்னு கூச்சமா?” கேட்டுவிட்டு அவரே சுற்றிலும் பார்த்தார். துடைத்து விட்டது போல் இருந்தது கூடம்.

“அதெல்லாம் இல்ல.”

“உங்களுக்கு உடம்பு கிடம்பு...?”

“எனக்கென்ன, கல்லு மாதிரிதான் இருக்கேன்.” அந்த அம்மாவின் பார்வை கடிகாரத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. ஆறாக இரண்டு நிமிடம். “சீக்கிரம் தம்பி.”

“காரணம் தெரியாம கெடுத்து வச்சா, நாளைக்கு உங்க பொண்ணு என் சட்டையைப் பிடிப்பாங்க. என் வேலைக்கே உலை வைக்கிற சமாச்சாரம்மா இது.”

அந்த அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளறையில் போன் அடித்தது. போட்டது போட்டபடி ஓடினார். கதவு சாத்தியும் சாத்தாமலும் நின்றது.

மகளின் குரல் கணீரென்று கேட்டது. “அப்பா, தொண்டை கட்டியிருந்தாப் பேச வேண்டாம். எனக்கு ஒரு டாட்டா மட்டும் காட்டுங்க. ஏம்ப்பா அப்படியே உக்காந்திருக்கீங்க?”

“நெட்டு நின்னுபோச்சுடி. இங்க அப்பா கையை ஆட்டிக்கிட்டுத்தான் இருக்காரு. உனக்குத்தான் படம் உறைஞ்சிருக்கு.”

“இல்லையேம்மா... அப்பாவுக்குப் பின்னாடி டேபிள் ஃபேன் தலையாட்டுதே. அது மட்டும் எப்படி ஓடுது?”

உள்ளே அந்த அம்மாவின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

“அம்மா? ஏம்மா பேச மாட்டேங்கறே? அப்பாவுக்கு என்ன?” அந்தக் குரல் நடுங்கத் தொடங்கியது.

பொறியாளர் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். நாற்காலியில் சாயாதபடி, இடுப்பில் துண்டு சுற்றிக் கட்டி உட்கார வைக்கப்பட்டிருந்தார் அந்தப் பெரியவர். வாதம் இழுத்த பாதி முகம் போனுக்குத் தெரியாத பக்கம் திரும்பியிருந்தது. கை மடியில் செத்துக் கிடந்தது. கண் மட்டும், திரையில் இருந்த மகளை விட்டு இம்மியும் நகரவில்லை.

பொறியாளரின் விரல்கள் மடிக்கணினியில் பரபரவென்று ஓடின. வருகிற வழியை அப்படியே விட்டுவிட்டு, போகிற வழியை இறுக்கிப் பிடித்தார்.

“அப்பாடா!” என்று மூச்சு விட்டாள் மகள். “ஆமாம்மா, இப்ப ஃபேனும் நின்னுடுச்சு. நெட்டுதான்.”