குளித்துவிட்டு வருகிறவர்

வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையோடு அவர் வீடு திரும்பி மூன்று மாதம் ஆகிவிட்டது.

காலையில் போகும்போது காக்கிச் சட்டை. சாயங்காலம் வரும்போது வெள்ளைச் சட்டை, ஈரத் தலை, போதாததற்குச் சோப்பு வாசனை. அவர் மனைவிக்குச் சந்தேகம் தட்டியது.

கூரைக்குப் போடுகிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் செய்யும் கம்பெனியில், ஷீட்டை அளவு பார்த்து அறுக்கிற வேலை அவருக்கு. பதினொரு வருடமாக மாவு மில்லுக்குள் விழுந்து எழுந்தவர் மாதிரிதான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்; அந்தச் சட்டையைத் துவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகும். அப்படிப்பட்ட மனுஷனுக்குத் திடீரென்று என்ன மினுமினுப்பு?

கேட்டதற்கு, கம்பெனியில் குளியலறை கட்டியிருக்கிறார்கள் என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மறுநாளே மளிகைக் கடையில் கம்பெனி வாட்ச்மேனைப் பார்த்தாள். குளியலறையைப் பற்றிப் பேச்சுவாக்கில் விசாரித்தாள். சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த பருப்புப் பொட்டலம் கீழே விழப் பார்த்தது. கை கழுவ ஒரு குழாய்கூட உருப்படியாக இல்லையாம்.

கீழ்வீட்டு டெய்லரக்காவிடம் வந்து அழுதாள். அக்கா மிஷினை நிறுத்தாமலே யோசனை சொன்னாள்.

“வாயத் தொறந்து கேக்காதே. ஆம்பளைங்க உஷாராயிடுவாங்க. பேசாம பின்னாலயே போ.”

போனாள். சாயங்காலம் கம்பெனி விட்டதும் அவர் பின்னால் நடந்தாள்; அடையாளம் தெரியாமலிருக்க அக்காவின் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. தெருவே அவளைத்தான் பார்த்தது. அவர் மட்டும் பார்க்கவில்லை.

கம்பெனிக்குப் பின்னால் இரண்டாவது சந்து. ஒரு பச்சைக் கதவு. கூப்பிடவில்லை, தட்டவில்லை, சொந்த வீடு மாதிரி உள்ளே போய்விட்டார்.

 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதென்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். போவதற்கு முன் அந்த மகராசி முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும். குடையை மடக்கித் தடி மாதிரி பிடித்துக்கொண்டு நுழைந்தாள்.

நாற்காலியில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. மடியில் காகிதக் கட்டு. பக்கத்தில் ஆளுயர ஆக்சிஜன் சிலிண்டர். அதன் குழாய் நாற்காலிக் கையில் தொங்கியது. கொல்லைப்பக்கம் வாளியும் தண்ணீருமாக ஆண்களின் பேச்சுச் சத்தம்.

அந்த அம்மா அவளையும் பார்த்தாள், குடையையும் பார்த்தாள்.

“உட்காரும்மா. உன் வீட்டுக்காரர் இப்பதான் குளிக்கப் போனார். ஆறு பேர் வர்றாங்க. இப்படிக் கோபமா வந்து நின்ன நாலாவது சம்சாரம் நீ.”

அவளுக்குக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குடையைச் சுவரோரம் வைத்தாள்.

அந்த அம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஷீட்டை அறுக்கும்போது பறக்கிற தூசி சும்மா தூசி இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஊசி. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டுத்தான் வேலையைக் காட்டும். கம்பெனி குழாய் போட்டுத் தராததால் அறுப்புப் பிரிவு ஆட்கள் இங்கே வந்து, துணியைத் தண்ணீரில் முக்கி, தாங்களே அலசிப் போட்டுவிட்டுக் குளித்துப் போகிறார்கள்.

கம்பெனி மேல் இந்த வீட்டார் போட்ட வழக்கும் நடக்கிறதாம். வைத்தியச் செலவுக்கு நஷ்டஈடு தர வேண்டும்; குளிக்கவும் துணி துவைக்கவும் கம்பெனிக்குள்ளேயே ஏற்பாடு செய்ய வேண்டும். அங்கே என்ன நடக்கிறதென்று ஆறு பேரும் சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

“வேலை போனாலும் போகட்டும்னு முதல் கையெழுத்துப் போட்டது உன் வீட்டுக்காரர்தான்.”

அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

“இத எங்கிட்ட சொன்னா என்னவாம்? ஆபத்து அவருக்குத்தானே. நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்? ஒளிச்சு ஒளிச்சு எதுக்கு இந்த நாடகம்?”

 அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்குவதுபோல் இருந்தது.

கொல்லையிலிருந்து இந்தக் கையில் ஒரு வாளி, அந்தக் கையில் ஒரு வாளியாக வீட்டுப் பெரியவர் வந்தார். கதவு மாதிரி மார்பு. இருபத்தாறு வருடம் அதே பிரிவில் அறுத்து ஓய்வு பெற்றவராம். அவள் மரியாதையாக எழுந்து நின்றாள். சிலிண்டரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“உடம்பு இப்போ எப்படி இருக்குங்க ஐயா?”

அவர் வாளிகளைக் கீழே வைத்தார். நாற்காலிக் கையில் தொங்கிய குழாயை எடுத்தார். குனிந்து, மனைவியின் மூக்கில் பதமாகப் பொருத்தினார்.

“அவருக்கு ஒண்ணும் இல்லம்மா,” என்றாள் அந்த அம்மா. “நான் அந்த கம்பெனி வாசலத் தாண்டினதே இல்ல. தினம் இவர் சட்டைய உதறித் துவைச்சுப் போட்டேன், அவ்வளவுதான். இத உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் மூணு மாசமா உன் வீட்டுக்காரருக்குத் தெரியல.”