மேற்குக் கேலரி

நடுவரின் விசில் காலி கேலரியில் மோதித் திரும்பியபோது, கிளப் செயலாளர் பிலவேந்திரனுக்குத் திடுக்கென்றது. போன மாதம்வரை இதே மைதானத்தில் விசிலே கேட்காத அளவுக்குக் கூட்டம் இருந்தது. இன்று நாற்பது பேர்கூட இல்லை.

"எங்கய்யா சனம்?" என்று வாசலில் சுண்டல் விற்றவரிடம் கேட்டார்.

"மிக்கேல உள்ள விடக்கூடாதுன்னுட்டீங்க. அவரு திட்டுறதக் கேக்கத்தான சார் பாதிப் பேரு வந்தாங்க!"

உண்மைதான். மேற்குக் கேலரியில் நின்று, கோல்கீப்பர் ரெமியை மட்டும் ஆட்டம் முழுக்கத் திட்டுவார் மிக்கேல். "லேய், அது பந்துலே, பலாப்பழமில்ல! கட்டிப்பிடிக்காத, குத்து!" ஊரே சிரிக்கும். வெளியூரிலிருந்து புதிதாக வந்த பிலவேந்திரன், பையன் மனம் நோகுமே என்று தடை போட்டார். ரெமி நன்றி சொல்லவில்லை. அதன் பிறகு அவன் மேற்குக் கேலரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே கோல் விட்டான்.

ஆட்டம் முடிந்ததும் பிலவேந்திரன் மிக்கேலின் வீட்டுக்குப் போனார். வாசல் கொடியில் ரெமியின் பழைய கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பு என்னுதுதான். அடுத்த ஆட்டத்துக்கு வாங்க."

மிக்கேல் ஒரு கையுறையைத் திருப்பிப் போட்டார்.

"வீட்டுல அவனும் நானும் ஆறு வருசமாப் பேசுறதில்ல சார். அங்கதான் மகன்கிட்ட ரெண்டு வார்த்த பேசிக்கிட்டிருந்தேன்."