றேடியேற்றர் தண்ணி

மருதனார்மடத்துக் கராஜில், இளையதம்பியின் பழைய லொறி வழி நெடுகச் சூடேறுகிறதென்று மெக்கானிக் பிரகலாதன் றேடியேற்றரைக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்றாம் தரமும் செங்கல் நிறத் தண்ணிதான் வந்தது. கூடவே சுண்ணாம்பு கட்டிகட்டியாய் விழுந்தது.

இளையதம்பிக்குச் சாரதி கொலின்ஸின் முகத்தைப் பார்க்கவே அருவருத்தது.

"எந்த உப்புக் கிணத்திலையடா அள்ளி விட்டனீ, மூதேசி?"

இளையதம்பி மெக்கானிக்கின் பக்கம் திரும்பி இளக்காரமாகச் சிரித்தார்.

"உவன் குருநகர் ஆள், தம்பி. கடற்கரை ஆக்களுக்கு உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் ஒண்டுதான். இரும்பையே தின்னிற தண்ணியை விட்டிருக்கிறான்!"

"ஓம் அண்ணை, சரியான நாசத் தண்ணி."

"கேட்டியோடா? நாளையிலயிருந்து நீ வேலைக்கு வராதை."

அப்போதுதான் கொலின்ஸ் வாய் திறந்தான்.

"ஐயா, நான் வெளித்தண்ணி ஒரு சொட்டும் விடேல்லை. உங்கடை கிணத்திலை நிரப்பி, லொறிக்குப் பின்னாலை தண்ணித் தாங்கியிலை கொண்டு போறமே, அதிலையிருந்துதான் விட்டனான்."

பிரகலாதன் மெல்ல எழும்பினார்.

"அண்ணை, முதல்தரக் குடிதண்ணி எண்டு நேற்று என்ரை வீட்டுக்கு வித்தனீங்களே, அந்தத் தண்ணியோ?"