கேட்கக் கூடாத சாவி

“சார், மக்னீசியம் ஊசி அலமாரிச் சாவியைக் குடுங்க.”

மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, வழக்கம்போல் போனை அணைத்துவிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டு, அப்போதுதான் வந்து உட்கார்ந்தார் ஸ்டோர்காரர். கை தானாகச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்: எதை வேண்டுமானாலும் கேள், இந்தச் சாவியை மட்டும் கேட்காதே.

“என்ன பட்டதாரியம்மா, வந்ததும் வராததுமா?”

“எட்டு மாசக் கர்ப்பிணி. பிரஷர் நூத்தி எழுபதுக்கு நூத்திப் பத்து. முகமெல்லாம் வீங்கி வந்தாங்க. தலை பிளக்குது, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதுன்னாங்க. வலிப்பு வந்துச்சுன்னா ரெண்டு உயிரும் போயிடும்.”

“டாக்டர் கையெழுத்து?”

“மீட்டிங்ல இருக்காரு. ஏழு தடவை போன் அடிச்சேன், எடுக்கல.”

“அப்ப பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. அங்க போடட்டும்.”

“மூணு மணி நேர ரோடு சார். வழியில வலிப்பு வந்தா? முதல் டோஸை நர்ஸே போட்டு அனுப்பலாம்னு சுவத்துல சார்ட் ஒட்டியிருக்கே!”

“சார்ட்டை உன் சுவத்துல ஒட்டினவங்க, சாவியை என் பையிலதானே போட்டாங்க?”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். ஆம்புலன்ஸ் வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. டிரைவர் டீ குடிக்கவும் வண்டியிலேயே கிளம்பிவிடுகிறான், கேட்க ஆளில்லை.

“இங்க பாரும்மா, எட்டு வருஷமா ஒரு குப்பிகூடக் குறையல. தேதி முடிஞ்சதை எடுத்துட்டுப் புதுசு வெப்பேன். கணக்கு அப்படியே நிக்கும்.”

“எட்டு வருஷமா ஒருத்திக்குக்கூடப் போடலன்னு சொல்லுங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கு முன்னாடி இருந்தவர் ரெண்டு குப்பிக்காக வேலையைத் தொலைச்சார். உங்க வீட்டுல முதல்முதலா படிச்சு வேலைக்கு வந்த பொண்ணு நீ. உனக்கெதுக்கு வம்பு?”

“படிச்சதுதான் சார் வம்பாப் போச்சு. கடைசியாக் கேக்கறேன். குடுப்பீங்களா, மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

“அதை எழுதிக் குடுங்க.”

எழுத்து என்றதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. ‘நர்ஸ் சாவி கேட்டார். டாக்டர் கையெழுத்து இல்லாததால் தர மறுத்தேன்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார்.

அவள் ஒரு முறைக்கு இரு முறை படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். இன்னொரு பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தாள். வாய் பிளந்து கிடந்தது அலமாரிப் பூட்டு.

“ஊசி போட்டுக்கிட்டு அவங்க வண்டியேறி ஒரு மணி நேரமாச்சு சார். கூட இன்னொரு சிஸ்டர் போயிருக்காங்க. நீங்க தூங்கிட்டிருந்தப்ப டிரைவர் அண்ணன் ஜாக்கிக் கம்பியால உடைச்சாரு.”

“அடிப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?”

“விசாரணையிலயும் இதையேதான் சொல்வீங்கன்னு தெரியும். அதுக்குத்தான் வந்து கேட்டேன்.”

சீட்டு இருந்த பையைத் தட்டிக் காட்டிவிட்டு வெளியே நடந்தாள்.